எம்.எஸ்ஸி கணிதம் முடித்தவருக்குப் பி.எட் எதற்கு, கணிதக் கல்வியில் ஆராய என்ன இருக்கிறது?

சேரன்மகாதேவிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. சுருக்கித் தருகிறேன். எம்.எஸ்ஸி கணிதம் முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் பி.எட் முதலாண்டு படிக்கிறார். "டோபாலஜியும் ரியல் அனாலிசிஸும் படித்தவனுக்கு ஆறாம் வகுப்புப் பின்னம் நடத்த எதற்கு டீச்சர் இரண்டு வருஷம்? பி.எட் முடித்ததும் கணிதக் கல்வியில் பிஎச்.டி செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் ஆராய அப்படி என்ன இருக்கிறது? கணிதத்தை விட்டுவிட்டு அங்கே போனால் தரம் இறங்கினதாக ஆகாதா?"

தம்பி, நான் நெல்லைச் சீமையில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, அப்புறம் பி.எட் பிள்ளைகளுக்குக் கணக்கு மெதட், அதாவது கணக்குக் கற்பிக்கும் முறை, எடுக்க வந்தவள். இந்தக் கேள்வியை வருஷா வருஷம் கேட்கிறேன், அதுவும் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடமிருந்துதான் வருகிறது. வாய்விட்டுக் கேட்டதற்கு நன்றி. பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு கணக்கு. ஒன்றேமுக்காலை அரையால் வகுக்க வேண்டும். தலைகீழாக்கிப் பெருக்கி மூன்றரை என்று போட்டிருப்பீர்கள். சரி. இப்போது இந்தக் கணக்குக்கு ஒரு கதை சொல்லுங்கள், அதாவது இந்த வகுத்தலைச் செய்தே தீர வேண்டிய ஒரு சூழ்நிலை. "ஒன்றேமுக்கால் லிட்டர் எண்ணெயை இரண்டு வீட்டுக்குச் சமமாகப் பங்கு வைத்தால்" என்று தொடங்கினால், அது இரண்டால் வகுப்பது. "ஒன்றேமுக்கால் லிட்டரில் பாதியை எடுத்தால்" என்றால் அது அரையால் பெருக்குவது. எம்.எஸ்ஸி படித்த பிள்ளைகளிலும் நிறையப் பேர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

இதையே லிபிங் மா என்ற ஆராய்ச்சியாளர் அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் கேட்டார். 1999இல் வெளிவந்த ஆய்வு. சீன ஆசிரியர்கள் 72 பேரும் விடையைச் சரியாகப் போட்டார்கள், 65 பேர் பொருந்துகிற கதையும் சொன்னார்கள். அமெரிக்கர்களில் விடையைச் சரியாகப் போட்டவர்களே பாதிக்குக் குறைவு, பொருந்துகிற கதை சொன்னவர் ஒரே ஒருவர். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த அமெரிக்க ஆசிரியர்கள் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள். சீன ஆசிரியர்களோ ஒன்பதாம் வகுப்புவரை படித்துவிட்டு, அதற்குமேல் இரண்டு மூன்று வருஷம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்கள். மேலே மேலே படித்துக்கொண்டே போனால் கீழே இருக்கிற கணக்கு தானாகவே ஆழமாகிவிடும் என்று நாம் நம்புகிறோம் அல்லவா, அந்த நம்பிக்கையை அசைத்த ஆய்வு அது.

கதையை நானே சொல்கிறேன். ஒன்றேமுக்கால் லிட்டர் எண்ணெய் இருக்கிறது, அரை லிட்டர் பாட்டிலில் ஊற்றினால் எத்தனை பாட்டில்? மூன்று பாட்டில் நிரம்பும், கால் லிட்டர் மீதி இருக்கும். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து "மூன்றேகால்" என்று சொல்லும். தவறு என்று உட்காரச் சொல்லிவிடலாம், ஆனால் அந்தப் பிள்ளை மீதியைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. மீதி உண்மையிலேயே கால் லிட்டர்தான், ஆனால் நாம் எண்ணிக்கொண்டிருப்பது பாட்டிலை, கால் லிட்டர் என்பது அரை பாட்டில். மூன்றரையில் வருகிற அந்த அரைக்கு அலகு லிட்டர் இல்லை, பாட்டில். எதை ஒன்று என்று வைத்துக்கொண்டு எண்ணுகிறோம் என்பது பின்னத்தின் உயிர்நாடியான கேள்வி, அந்தப் பிள்ளை தெரியாமலேயே அதைத் தொட்டுவிட்டது. அந்த நிமிஷத்தில் அதைக் கண்டுபிடித்து, "எத்தனை லிட்டர் மீதி? எத்தனை பாட்டில் மீதி?" என்று இரண்டு கேள்வி கேட்கத் தெரிய வேண்டும்.

இன்னொரு கதை. அரை மணி நேரத்தில் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் நடக்கிற ஒருவர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நடப்பார்? இதுவும் அதே வகுத்தல்தான், ஆனால் முதல் கதையிலிருந்து அமைப்பே வேறு. அங்கே "இதற்குள் அது எத்தனை முறை போகும்" என்று கேட்டோம், இங்கே "ஒன்றுக்கு எவ்வளவு" என்று கேட்கிறோம். அரை மணிக்கு இவ்வளவு என்றால் ஒரு மணிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. வகுக்கச் சொன்ன இடத்தில் எதற்காகத் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று பள்ளியில் யாரும் நமக்குச் சொல்லவில்லையே, அதற்குக் காரணம் இந்தக் கதையில் பச்சையாகத் தெரிகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் கதை, இரண்டாம் கதை எதை எப்போது வைப்பது, எந்த எண்ணை எடுத்தால் அமைப்பு தெரியும், எதை எடுத்தால் மறைந்துபோகும் என்பதெல்லாம் கணிதம்தான். டோபாலஜியில் இது வராது, ரியல் அனாலிசிஸிலும் வராது.

இந்த அறிவுக்கு ஆராய்ச்சி உலகில் ஒரு இடம் கிடைத்தது 1986இல். ஸ்டான்ஃபோர்டில் இருந்த லீ ஷுல்மன், பாட அறிவு ஒருபக்கம், கற்பிக்கும் முறை ஒருபக்கம் என்று பிரித்து வைத்திருப்பது தவறு, பாடத்தைக் கற்பிப்பதற்கென்றே ஓர் அறிவு இருக்கிறது, அது இரண்டையும் கூட்டினால் வந்துவிடாது என்று எழுதினார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பால் அதைக் கணக்குக்கென்று எடுத்து வளர்த்தார். தொடக்கப்பள்ளியில் தாமே பாடம் நடத்தி, வகுப்பைப் பதிவு செய்து, ஆசிரியர் ஒரு மணி நேரத்தில் செய்கிற கணித வேலைகள் எவை என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தவர் அவர். பிள்ளையின் புது வழிமுறை எப்போதும் சரியாக வருமா என்று நின்ற இடத்தில் தீர்மானிப்பது, தவறு எங்கிருந்து முளைத்தது என்று ஊகிப்பது, ஒரு வரையறை சிறு பிள்ளைக்குப் புரிகிற மாதிரியும் பொய்யாகாத மாதிரியும் இருக்கிறதா என்று பார்ப்பது, இப்படி. இந்த அறிவை அளக்கத் தேர்வுகள் உருவாக்கி, 2005இல் ஹெதர் ஹில், பிரையன் ரோவன், டெபோரா பால் மூவரும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 1ஆம், 3ஆம் வகுப்பு ஆசிரியர்களிடம் இந்த அறிவு கூடுதலாக இருந்தால், அந்த வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு முன்னேற்றமும் கூடுதலாக இருந்தது. ஆசிரியர் கல்லூரியில் எத்தனை கணிதப் பாடம் படித்தார் என்ற எண்ணிக்கைக்கும் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கும் பெரிய தொடர்பு கிடைக்கவில்லை என்று அமெரிக்கக் கணிதக் கல்வியாளர் எட்வர்ட் பெகிள் 1970களிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இதற்காக எம்.எஸ்ஸி வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உயர்நிலை, மேல்நிலை வகுப்புக்குப் போகும்போது அது இல்லாமல் முடியாது. ஆனால் அதைப் பள்ளிக் கணக்கோடு இணைக்கிற வேலையை யாரும் உங்களுக்குச் செய்து தரவில்லை. பெலிக்ஸ் கிளைன் என்ற ஜெர்மன் கணித மேதை 1908இலேயே இந்த இரட்டை விரிசலைச் சொன்னார்: பள்ளிக்கூடத்துப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போனதும் பள்ளிக் கணக்கை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்கிறார்கள், படித்து முடித்து ஆசிரியராகத் திரும்பியதும் பல்கலைக்கழகத்தில் படித்ததை மறந்துவிட்டுப் பழைய பள்ளிக் கணக்கையே பழைய மாதிரி நடத்துகிறார். நீங்கள் இப்போது நிற்பது சரியாக அந்த இரண்டாவது விரிசலில்தான்.

அடுத்து, ஆராய என்ன இருக்கிறது என்ற கேள்வி. எனக்கு இதுதான் பிடித்த பகுதி. பிள்ளைகளின் நோட்டிலிருந்தே தொடங்கலாம்.

503இலிருந்து 278ஐக் கழிக்க வேண்டும். விடை 225. ஒரு பிள்ளை 375 என்று எழுதுகிறது, பக்கத்துப் பிள்ளை 325 என்று எழுதுகிறது. இரண்டு நோட்டிலும் சிவப்பு மையில் ஒரே மாதிரி பெருக்கல் குறி விழும். ஆனால் முதல் பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது: 8இலிருந்து 3 போனால் 5, 7இலிருந்து பூஜ்யம் போனால் 7, 5இலிருந்து 2 போனால் 3. அதற்குக் கடன் வாங்குதலே இன்னும் வந்து சேரவில்லை. இரண்டாவது பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும், 3ஐ 13 ஆக்கியிருக்கிறது, நடுவிலிருக்கிற பூஜ்யத்தை 9 ஆக்கியிருக்கிறது, ஆனால் அந்த 9க்காக நூறிடத்து 5ஐ 4 ஆக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டது. இந்தப் பிள்ளை வாசல்வரை வந்துவிட்டது. இரண்டு பேரையும் "திரும்பப் போட்டுப் பார்" என்று அனுப்பினால் அதே விடையோடு திரும்புவார்கள், ஏனென்றால் அவர்கள் கவனக்குறைவாகப் போடவில்லை, ஒரு விதியைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் கழித்தலில் வருகிற இப்படிப்பட்ட தவறான விதிகளை வகைவகையாகப் பிரித்து எழுதினார்கள். பிள்ளையின் தவறுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்பது அதற்குப் பிறகு இந்தத் துறையில் மாறாத பாடமாகிவிட்டது.

தசமத்துக்குப் போனால் இன்னும் சுவாரசியம். 0.5 பெரிதா, 0.125 பெரிதா என்று கேளுங்கள். 125தான் 5ஐவிடப் பெரிது என்று ஒரு கூட்டம் சொல்லும். இன்னொரு கூட்டம் எப்போதும் குறைந்த இலக்கம் உள்ளதையே பெரிது என்று சொல்லும், ஆயிரத்தில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சின்னது என்று கேட்டதை வைத்துக்கொண்டு. இந்தக் கூட்டம் 0.5, 0.125 கேள்வியைச் சரியாகவே போட்டுவிடும், அதனால் ஆசிரியர் புரிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். 0.3, 0.75 என்று கேட்டால்தான் மாட்டும். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கேய் ஸ்டேசியும் விக்கி ஸ்டெய்ன்லேயும் பல வருஷம் இதையே ஆராய்ந்து, எந்தெந்த ஜோடியைக் கொடுத்தால் எந்தெந்த எண்ணம் வெளியே வரும் என்று சோதனைத்தாள் செய்தார்கள். ரூபாய் காசை வைத்துத் தசமம் நடத்துவது நம்ம பக்கம் வழக்கம், தொடங்குவதற்கு நல்லதுதான். ஆனால் 5.25 என்றால் ஐந்து ரூபாய், இருபத்தைந்து காசு என்று இரண்டு தனித்தனி முழு எண்ணாகவே பிள்ளை படித்துவிடும், புள்ளி வெறும் வேலியாக நின்றுவிடும். 5.255 என்று வந்தால் திகைத்து நிற்கும்.

பெரியவர்களும் இதற்கு விலக்கில்லை. "ஒரு ஆசிரியருக்கு ஆறு மாணவர் என்ற விகிதத்தில் இருக்கிறார்கள், மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை ஆ, சமன்பாடு எழுதுக." இதே அமைப்பில் ஒரு கேள்வியை ஜான் கிளெமென்ட் குழுவினர் அமெரிக்காவில் முதலாண்டு பொறியியல் மாணவர்களுக்குக் கொடுத்தார்கள், 1981இல் வெளியிட்டார்கள். 37 சதவீதம் பேர் தவறு, ம = 6ஆ என்பதற்குப் பதிலாகப் பெரும்பாலானவர்கள் எழுதியது 6ம = ஆ என்ற தலைகீழ்ச் சமன்பாடு. எழுத்தை எண்ணிக்கையாகப் பார்க்காமல் ஆளாகவே பார்த்துவிடுவதால் வருகிறது இது. "3ம என்றால் மூன்று மாம்பழம்" என்று நாம் ஆறாம் வகுப்பில் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அதன் விளைவு எங்கே போய் முடிகிறது பாருங்கள்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்! கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆயிரத்துக்கு 300 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு, 650 சுற்றினால் என்ன என்று அந்தப் பிள்ளையிடம் வாய்க்கணக்காகக் கேட்டுப் பாருங்கள். ஐந்நூறுக்கு 150, நூறுக்கு 30, ஐம்பதுக்கு 15, மொத்தம் 195 என்று வரிசையாகச் சொல்லிவிடும். இதையே நேர் விகிதம் என்று தலைப்புப் போட்டுக் கரும்பலகையில் எழுதினால் அதே பிள்ளை பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் அப்பாவோடு நிற்கிற பையனும் இப்படித்தான்.

இதைப் பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் டெரெசின்யா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் ஆராய்ந்து 1985இல் வெளியிட்டது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஆய்வு. தெருவில் வியாபாரம் செய்கிற, 9 முதல் 15 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள். வாடிக்கையாளர் மாதிரிப் போய்ப் பொருள் வாங்கிக்கொண்டே கேட்டபோது 98.2 சதவீதம் சரி. அதே கணக்குகளை வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தபோது 36.8 சதவீதம். 12 வயது இளநீர் வியாபாரி ஒருவன் நான்கு காய், காய் 35 என்றதற்கு மனசுக்குள்ளேயே கூட்டி 140 என்று சரியாகச் சொன்னான், தாளில் 35ஐ 4ஆல் பெருக்கச் சொன்னதும் 200 என்று எழுதினான். நாலஞ்சு இருபது, மீதி 2ஐ 3ஓடு முதலிலேயே கூட்டி 5 ஆக்கி, அதை நாலால் பெருக்கியிருக்கிறான். தெருவில் அவன் 200 என்று சொல்லவே மாட்டான், சொன்னால் கேட்கிறவர் சண்டைக்கு வருவார். தாளில் அவனுடைய அறிவு கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் அரிந்தம் போஸும் கே. சுப்பிரமணியமும் தாராவிப் பிள்ளைகளிடம் இதே திசையில் ஆராய்ந்திருக்கிறார்கள். முக்கூடலிலும் பத்தமடையிலும் களக்காட்டு வாழைத் தோட்டத்திலும் இதைச் செய்ய ஆள் வேண்டும்.

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களும் இந்த ஆராய்ச்சிக்குள் வரும். எண்சுவடி, குழிமாற்று, நெல்லிலக்கம் என்ற வாய்ப்பாட்டுச் சுவடிகளை மனப்பாடம் செய்வித்தது வெறும் உருப்போடல் இல்லை, நிலமும் நெல்லும் கூலியும் அளக்கிற வேலைக்கு மனசைப் பழக்குகிற ஒரு முறை என்று டி. செந்தில் பாபு சுவடிகளை வைத்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார். முந்திரி என்பது 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று. கோட்டை, மரக்கால் என்று விதைப்பாட்டை, அதாவது விதைக்க எவ்வளவு நெல் வேண்டும் என்பதை, சொல்லியே வயலின் பரப்பைச் சொல்கிற தாத்தாக்கள் தாமிரபரணிப் பாசனத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். 21 மரக்கால் ஒரு கோட்டை. அவர்கள் அதில் பாதியும் காலும் போட்டது எப்படி என்று உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்குள் யார் நுழைய முடிந்தது, யார் நுழைய முடியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் ஆராய வேண்டும்.

இனிப் பி.எட் பற்றி. ஆசிரியர் கல்வியை ஆராய்ந்த வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை கொடுத்த பிறகு, 2014இல் என்.சி.டி.ஈ என்கிற தேசிய ஆசிரியர் கல்வி மன்றம் புது விதிமுறை போட்டு, 2015இலிருந்து பி.எட் இரண்டு வருஷமானது. அதில் குறைந்தது 20 வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், முதல் வருஷம் 4 வாரம், இரண்டாம் வருஷம் 16 வாரம். இந்த 16 வாரம் பெரிய சொத்து. ஆனால் அது எப்படிக் கழிகிறது என்று உங்கள் சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள். லெசன் பிளான் எழுதி, சார்ட் ஒட்டி, ரெக்கார்டு நோட்டை அலங்கரித்துக் கையெழுத்து வாங்குவதிலேயே பாதி போய்விடுகிறது. பார்வைக்கு வருகிறவர்கள் எழுதுகிற குறிப்பு "குரல் தெளிவாக இருந்தது, கரும்பலகையைப் பயன்படுத்திய விதம் நன்று". பின்பெஞ்சில் இருந்த பிள்ளை 325 என்று எழுதியது யார் கண்ணிலும் படுவதில்லை. பல கல்லூரிகளில் இதுதான் நிலை, எனக்கு இது நீண்ட நாள் மனவருத்தம். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வும் இந்த விஷயத்தில் உதவாது, அது உங்களுக்குக் கணக்குப் போடத் தெரியுமா என்று கேட்கும், பிள்ளை போட்டதைப் படிக்கத் தெரியுமா என்று கேட்காது.

இதை மாற்ற முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கார்ப்பென்டரும் எலிசபெத் ஃபென்னிமாவும் குழுவாக 1989இல் வெளியிட்ட ஆய்வு. முதல் வகுப்பு ஆசிரியர்கள் 40 பேர், அதில் பாதிப் பேருக்குக் கோடை விடுமுறையில் நான்கு வாரப் பயிற்சி. புதுப் பாடப்புத்தகம் கொடுக்கவில்லை, இப்படி நடத்து என்று முறையும் கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் கூட்டல் கழித்தல் கணக்குகளை எப்படி யோசித்துப் போடுகிறார்கள் என்பதை மட்டும் காட்டினார்கள். "12 மாங்காயில் 5 போனால் எத்தனை" என்பதும் "5 இருக்கிறது, 12 ஆக இன்னும் எத்தனை வேண்டும்" என்பதும் நமக்கு ஒரே கழித்தல். பிள்ளைக்கு முதலாவது எடுத்து வைப்பது, இரண்டாவது மேலே எண்ணிக்கொண்டு போவது. இப்படி வகைவகையாக. அந்த ஆசிரியர்களின் வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரியான அடிப்படைப் பயிற்சிக்குக் குறைந்த நேரமே செலவிட்டார்கள், ஆனால் அதில் பின்தங்கவில்லை, சிக்கலான கணக்கை யோசித்துப் போடுவதில் முந்தினார்கள். "'மீதி' என்ற சொல் வந்தால் கழி, 'மொத்தம்' வந்தால் கூட்டு" என்று நாம் குறுக்குவழி சொல்லிக்கொடுப்பதை நிறுத்த இதைவிடக் காரணம் வேண்டுமா?

ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் தயாரித்து, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளையே பார்த்துக் குறிப்பெடுத்து, பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். அங்கே இது நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். பணம் பெரிதாக வேண்டாம், மூன்று ஆசிரியர் போதும். முனைஞ்சிப்பட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம் இருக்கிறது, பாளையங்கோட்டையில் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன, அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகம் இருக்கிறது, சுற்றிலும் பள்ளிகள். இந்த நான்கும் ஒரே பாடத்தைச் சுற்றி ஒரு பருவம் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று நினைத்தாலே எனக்கு ஆசையாக இருக்கிறது.

பிஎச்.டிக்கு வருகிறேன். ஒளிக்காமல் சொல்கிறேன், நம் பக்கம் கல்வியியலில் வருகிற ஆய்வேடுகளில் பல ஒரே அச்சில் வார்த்தவை. கணிதப் பதற்றம், கணித மனப்பான்மை, அடைவு என்று ஒரு தலைப்பு. ஐம்பது கூற்று உள்ள ஒரு வினாப்பட்டியல். சில நூறு மாணவர்களிடம் கொடுத்து வாங்கி, ஆண் பெண், நகரம் கிராமம், அரசு, அரசு உதவி பெறும் பள்ளி என்று பிரித்து, இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிடுகிற டி சோதனை போட்டு, குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு, இல்லை என்று அட்டவணை அட்டவணையாகப் போகும். முந்நூறு பக்க ஆய்வேட்டில் ஒரு பிள்ளை போட்ட ஒரு கணக்குகூட இருக்காது. இப்படி ஒரு தலைப்பை உங்களுக்குக் கொடுத்தால் தயவுசெய்து எடுக்காதீர்கள். உங்களிடம் கணிதம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தாத ஆய்வுக்கு எதற்கு எம்.எஸ்ஸி?

தரம் இறங்குவது பற்றிக் கேட்டீர்கள். கிளைன் பாட்டிலை டோபாலஜியில் படித்திருப்பீர்கள், அதே கிளைன்தான் மேலே சொன்ன கிளைன். டோபாலஜியிலேயே ஹோமோடோபி பக்கம் போயிருந்தால் பிராய்டெந்தால் சஸ்பென்ஷன் தேற்றம் தெரியும், 1937. அதே ஹான்ஸ் பிராய்டெந்தால்தான் பின்னாளில் நெதர்லாந்தின் உட்ரெக்டில் பள்ளிக் கணக்குக்கென்று ஒரு நிறுவனத்தைக் கட்டி, பிள்ளைகள் கணிதத்தைத் தாங்களே மறுபடி கண்டுபிடிக்க வேண்டும் என்று வாழ்நாளைச் செலவழித்தவர். அந்த நிறுவனத்துக்கு இன்று அவர் பெயர். பிரான்ஸில் 1969இலிருந்து பல்கலைக்கழகக் கணிதத் துறைகளோடு ஒட்டியே கணிதக் கல்வி ஆய்வு நிலையங்கள் நடக்கின்றன, பேராசிரியரும் பள்ளி ஆசிரியரும் ஒரே மேசையில். நம் நாட்டில் தேசியக் கலைத்திட்டம் 2005க்காகக் கணிதம் கற்பித்தல் பற்றிய அறிக்கையைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் அப்போது சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஆர். ராமானுஜம். பிள்ளையின் சிந்தனையையே கணிதமயமாக்குவதுதான் பள்ளிக் கணக்கின் நோக்கம் என்று சொன்ன அறிக்கை அது. எல்லாருக்கும் புரியாது என்று பாதிப் பிள்ளைகளைக் கைவிட்டுவிடுகிற பழக்கத்தை அது நேராகவே எதிர்க்கிறது. படித்துப் பாருங்கள், சின்னதுதான்.

உங்களுக்கு நான் சொல்லும் தலைப்புகள் இப்படி இருக்கும்: ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் தசமத்தை ஒப்பிடும்போது எப்படி யோசிக்கிறார்கள், தமிழ்வழி, ஆங்கிலவழி வகுப்புகளில் அது மாறுகிறதா. பீடி, வாழை, காய்கறி வேலை தெரிந்த பிள்ளைகளின் விகிதக் கணக்கு. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் படித்து வந்த பிள்ளைகள் இப்போது இடமதிப்பை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார்கள். பி.எட் பிள்ளைகள் மாணவர் நோட்டைப் பார்த்துத் தவறின் காரணத்தை ஊகிக்கக் கற்றுக்கொள்வது எப்படி, ஒரு பருவத்தில் எவ்வளவு மாறுகிறார்கள். கடைசித் தலைப்பை எடுப்பவர் கிடைத்தால் நான் கூட உட்கார்ந்து வேலை செய்யத் தயார்.

கைடு தேடும்போது அவர் பட்டியலில் எத்தனை பிஎச்.டி முடிந்திருக்கிறது என்று பார்ப்பதைவிட, கடைசியாக எப்போது ஒரு பள்ளி வகுப்பறைக்குள் உட்கார்ந்து பார்த்தார் என்று விசாரியுங்கள். இங்கே அமையாவிட்டால் மும்பை ஹோமி பாபா மையத்துக்கு விண்ணப்பியுங்கள், கணிதம் படித்தவர்களை அங்கே மதிப்பார்கள்.

பிஎச்.டி வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். கற்பித்தல் பயிற்சிக்குப் போகிற பள்ளியில் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். தினம் ஒரு தவறான விடை, பிள்ளையின் பெயர் வேண்டாம், அது எழுதியதை அப்படியே பார்த்து எழுதுங்கள். கீழே உங்கள் ஊகம். மறுநாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இது எப்படி வந்தது, எனக்குச் சொல்லேன்" என்று கேளுங்கள், திருத்தாதீர்கள், குறுக்கே பேசாதீர்கள், அது சொன்னதை அதன் பேச்சிலேயே எழுதுங்கள். உங்கள் ஊகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அந்த ஊகத்தைச் சோதிக்க அடுத்த கணக்கு என்ன கொடுப்பீர்கள் என்று ஒரு வரி. பருவம் முடிந்ததும் அந்த நோட்டோடு வந்து என்னைப் பாருங்கள், ஆய்வுத் தலைப்பை அதிலிருந்தே எடுப்போம்.